நம் நடுத்தோட்டமும் முகலாயத் தோட்டமும்



ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவில் உள்ள தோட்டத்தை எடுத்துவிட்டு, பேவர் பிளாக் பதித்து, 14 கார்கள் நிறுத்த இடம் செய்யலாம் என்று ஒரு தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. அதை ஆதரித்துக் கொடுத்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது. புல் காய்ந்து கிடக்கிறது. நடுவில் உள்ள நீரூற்று மூன்று வருடமாக ஓடவில்லை. தொட்டியில் மழைநீர் தேங்கினால் கொசு. சும்மா கிடக்கிற இடம்தானே என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் வீட்டுப் பத்திரங்களை அடுக்கி வைக்கும்போது, வீடு வாங்கிய சமயத்தில் கொடுத்த வண்ணப் புத்தகம் கையில் கிடைத்தது. அதில் நம் நடுத்தோட்டத்தின் படத்துக்குக் கீழே ‘முகலாயத் தோட்டம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். விளம்பரத்துக்காக வைத்த பெயர் என்று முதலில் சிரித்தேன். படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு பாதைகள், அவை சந்திக்கும் இடத்தில் ஒரு தொட்டி, நான்கு மூலையிலும் நான்கு சதுரப் பாத்திகள். வங்கியில் வேலை பார்த்த காலத்தில் எல்.டி.சி.யில் குடும்பத்தோடு போய் டெல்லியிலும் ஆக்ராவிலும் பார்த்த அதே அமைப்பு! அது என்ன அமைப்பு, எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வாக்களிக்கும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

சுவருக்குள் ஒரு சோலை

இந்த வகைத் தோட்டத்துக்குப் பாரசீக மொழியில் ‘சார்பாக்’ என்று பெயர். ‘சார்’ என்றால் நான்கு. நான்கு மினார்கள் இருப்பதால் ஐதராபாத்தில் உள்ளது சார்மினார் ஆயிற்று. ‘பாக்’ என்றால் தோட்டம். பெங்களூர் லால்பாக்கில் வரும் அதே பாக்தான்.

இஸ்லாம் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதன் வேர் இருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தை ஆண்ட சைரஸ் மன்னர் பசர்காதே என்ற தன் தலைநகரில் போட்ட தோட்டத்தின் கல்வாய்க்கால்களும், இடையிடையே அமைந்த சிறு கல்தொட்டிகளும் அகழாய்வில் கிடைத்துள்ளன. யுனெஸ்கோ 2011இல் ஈரானின் ஒன்பது தோட்டங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அதில் ஒன்று.

அங்கே ஆற்றுப் பாசனம் குறைவு. மலையடிவாரத்து நிலத்தடி நீரைப் பல மைல் தூரம் மண்ணுக்கடியில் சுரங்கம் வெட்டிக் கொண்டுவர வேண்டும். அதற்குக் ‘கனாத்’ என்று பெயர். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த நீரை வீணாக்க மனம் வருமா? சுற்றிலும் உயரமான சுவர் எழுப்பி, மணற்காற்றைத் தடுத்து, உள்ளே நேர்கோட்டில் வாய்க்கால் வெட்டி, ஒவ்வொரு மரத்துக்கும் அளந்து விட்டார்கள்.

பழைய ஈரானிய மொழியில் ‘சுற்றிச் சுவர் எழுப்பிய இடம்’ என்று பொருள்படும் சொல் கிரேக்கத்துக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளில் ‘பாரடைஸ்’ ஆனது. தமிழ் விவிலியத்தில் வரும் ‘பரதீசு’ அதுதான். திருக்குர்ஆனில் வரும் ‘ஃபிர்தவ்ஸ்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. சொர்க்கத்தைக் குறிக்கும் ‘ஜன்னத்’ என்ற அரபுச் சொல்லுக்கும் நேர்ப் பொருள் தோட்டம்.

ஏன் நான்கு?

அரபு நாடு பாலைவனம். அங்கே வாழ்ந்தவர்களிடம் மறுமையைப் பற்றிப் பேசிய வேதம், நிழலையும் பழத்தையும் ஓடும் நீரையும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. திருக்குர்ஆனின் 47ஆம் அத்தியாயம் சொர்க்கத்தில் ஓடும் ஆறுகளைக் குறிப்பிடுகிறது. நீர், பால், மது, தேன் என்று அவை நான்கு வகை. 55ஆம் அத்தியாயம் இரண்டு தோட்டங்களைச் சொல்லி, மேலும் இரண்டு தோட்டங்களையும் சொல்கிறது.

ஏற்கெனவே பாரசீகத்தில் இருந்த நான்கு பாத்தித் தோட்டம் இந்த நம்பிக்கையோடு அழகாகப் பொருந்திக்கொண்டது. நான்கு வாய்க்கால்களும் நான்கு ஆறுகள். அவை கூடும் தொட்டி உலகத்தின் நடு. சுற்றுச்சுவர், வெளியே உள்ள வெயிலிலிருந்தும் புழுதியிலிருந்தும் பிரிக்கும் எல்லை.

மரங்களுக்கும் பொருள் உண்டு. என்றும் பசுமையாக, நெட்டையாக நிற்கும் சைப்ரஸ் மரம் அழியாத வாழ்வுக்கு அடையாளம். ஒவ்வோர் ஆண்டும் பூத்துக் காய்க்கும் பழமரங்கள் மீண்டும் துளிர்க்கும் உயிருக்கு அடையாளம். சைப்ரஸும் பழமரமும் அடுத்தடுத்து நிற்பது முகலாய ஓவியங்களில் அடிக்கடி வரும் காட்சி. எட்டுக் கோணத் தொட்டியோ மண்டபமோ கண்டால், அது எட்டுச் சொர்க்கங்களைக் குறிப்பது என்பார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டம் போட்ட எல்லாரும் மறுமையை மட்டும் நினைத்துப் போடவில்லை. விருந்துக்கும் ஓய்வுக்கும், ‘இந்த நாடு இனி என்னுடையது’ என்று காட்டுவதற்கும் போட்டார்கள். கல்லறையைச் சுற்றி அமைந்த தோட்டங்களில்தான் சொர்க்கத்தின் சாயல் அழுத்தமாகத் தெரிகிறது.

பாபர் முதல் தாஜ் வரை

1526இல் பானிபட்டில் வென்று இந்தியாவுக்குள் வந்த பாபர், இந்த நாட்டின் சூட்டையும் புழுதியையும், தோட்டங்களில் ஓடும் நீர் இல்லாததையும் தன் நினைவுக் குறிப்பில் குறைப்பட்டு எழுதியிருக்கிறார். குறைப்பட்டதோடு நிற்கவில்லை, ஆக்ராவில் யமுனைக் கரையில் கிணறு வெட்டித் தோட்டம் போட்டார். 1530இல் அங்கேயே இறந்தார். பிறகு அவர் உடல், அவர் விரும்பியபடி காபூலில் ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டது.

அவர் மகன் உமாயூனின் சமாதி டெல்லியில் இருக்கிறது. 1570ஐ ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்ட அது, இந்தியாவில் பெரிய சார்பாக்கின் நடுவே எழுந்த முதல் முகலாயச் சமாதி. நான்கு பெரிய சதுரங்கள், ஒவ்வொன்றும் மறுபடி சிறு சதுரங்களாகப் பிரிந்து, மெல்லிய வாய்க்கால்கள் ஓடும். பாழாய்க் கிடந்த அந்த வாய்க்கால்களை ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் சேர்ந்து சீர்செய்து, 2003இல் மீண்டும் தண்ணீர் ஓடவிட்டார்கள். கெட்டுப்போன நீரூற்று திரும்ப ஓடாது என்று சொல்கிறவர்களுக்கு இது ஒரு பதில்.

காஷ்மீரில் சரிவான நிலம். அங்கே ஜஹாங்கீர் 1619இல் போட்ட ஷாலிமார் பாக் படிப்படியாக இறங்கும். நீர் அருவியாக விழும் இடங்களில் பின்சுவரில் வரிசையாக மாடங்கள் இருக்கும். பகலில் அவற்றில் பூ வைப்பார்கள். இரவில் விளக்கு ஏற்றுவார்கள். விழும் நீர்த்திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தாஜ்மகாலில் சமாதி தோட்டத்தின் நடுவில் இல்லை. வடகோடியில், யமுனையின் கரையில் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு சலவைக்கல் தொட்டி. ஆற்றுக்கு அக்கரையில், நேர் எதிரே, மெஹ்தாப் பாக் என்ற நிலாத் தோட்டம் இருக்கிறது. 1990களில் அங்கே தோண்டியபோது பெரிய எண்கோணத் தொட்டி வெளிப்பட்டது. அதில் தாஜின் நிழல் விழும். தாஜின் தெற்கு வாசலில் எழுதப்பட்டுள்ள குர்ஆன் வசனங்கள், அமைதி பெற்ற ஆன்மாவை இறைவன் தன் தோட்டத்துக்குள் அழைப்பதோடு முடிகின்றன. அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அந்த வாசலில் நின்று நானும் போட்டோ எடுத்தேன், எழுத்தைக் கவனிக்கவில்லை.

இன்று நாம் அங்கே காணும் புல்தரை பழையது அல்ல. முன்பு பழமரங்களும் பூச்செடிகளும் அடர்ந்திருந்தன. 1899 முதல் 1905 வரை வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு காலத்தில்தான் இங்கிலாந்து முறையில் புல்வெளி வந்தது. நம் தோட்டத்தில் மாதாமாதம் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோடையில் காய்ந்துபோகிற புல்லுக்கும் முகலாயருக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

மோட்டார் இல்லாத காலத்தில்

நீரூற்று ஓட அழுத்தம் வேண்டும். மின்சாரம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? இதைப் படித்தபோதுதான் எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. யமுனை நீரைத் தோலால் செய்த பெரிய சாலில் மொண்டு, கயிறு கட்டி, மாடுகள் சரிவில் இறங்கும்போது மேலே இழுத்திருக்கிறார்கள். நாமக்கல், ராசிபுரம், சங்ககிரிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் கிணற்று மேட்டில் கவலை இறைத்தது இதுவேதான்! கவலை இறைத்துச் சோளத்துக்கும் வாழைக்கும் நம் ஆட்கள் பாய்ச்சினார்கள். ஷாஜகான் நீரூற்றுக்குப் பாய்ச்சினார்.

அப்படி ஏற்றிய நீர் உயரமான தொட்டிகளில் நிரம்பி, மண்ணுக்கடியில் சுட்டமண் குழாய்களில் இறங்கி வரும். இங்கே ஒரு சிக்கல். நம் கட்டடத்தில் கீழ்த்தளத்துக் குழாயில் பீச்சி அடிக்கும், மேல்தளத்தில் சொட்டும். அதுபோலக் குழாய்க்குப் பக்கத்தில் உள்ள நீரூற்று உயரமாகவும், தள்ளி உள்ளது குட்டையாகவும் பாய வேண்டும். தாஜில் எல்லாம் ஒரே உயரத்தில் பாய வழி கண்டார்கள். ஒவ்வொரு நீரூற்றுக்கும் அடியில் ஒரு செப்புப் பானை. நீர் முதலில் எல்லாப் பானைகளையும் நிரப்பும். அதன் பிறகே ஒரே நேரத்தில் மேலே எழும்.

பாதைகள் உயர்ந்தும் பாத்திகள் தாழ்ந்தும் இருப்பது இன்னொரு நுட்பம். வாய்க்காலைத் திறந்தால் பாத்தி முழுக்க நீர் தானாகப் பரவும். மழை பெய்தாலும் அங்கேயே நின்று மண்ணுக்குள் இறங்கும். நடப்பவர் காலில் சேறு படாது.

பராமரிப்புக்கு என்ன செய்தார்கள் என்பது என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைக்கு ருசியான விஷயம். தாஜ் வளாகத்துக்காக ஷாஜகான் 30 கிராமங்களின் வருவாயை, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயை, எழுதிவைத்தார். அங்கிருந்த கடைகள், சத்திரங்களின் வாடகை இரண்டு லட்சம் ரூபாயும் அதில் சேர்ந்தது. இன்று நாம் கார்பஸ் ஃபண்ட் என்கிறோமே, அது. அப்படியிருந்தும், 1652இல் ஔரங்கசீப் தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தாஜின் கூரை மழையில் ஒழுகுவதையும் நிலாத் தோட்டம் வெள்ளத்தில் மூழ்கியதையும் தெரிவிக்கிறார். நம் சி பிளாக் மொட்டைமாடிக்காரர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

நம்மை ஆண்டவர்களின் தோட்டங்கள்

டெல்லியும் ஆக்ராவும் தூரம். நம் பகுதியை ஆண்டவர்களே இத்தகைய தோட்டங்களைப் போட்டார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலம் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போகும் வரை, ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இங்கே ஆட்சி செய்தார்கள். பழைய வருவாய்ப் பதிவுகளில் சேலம், நாமக்கல் சமவெளிக்குத் ‘தாலாகாட்’, அதாவது கணவாய்க்குக் கீழ்ப்பட்ட நாடு, என்று பெயர். இங்கே வசூலான வரியும் மைசூர்க் கஜானாவுக்கே போனது.

ஹைதர் 1760இல் பெங்களூரில் லால்பாக்கைத் தொடங்கினார். அப்போது சுமார் 40 ஏக்கர். இன்று 240 ஏக்கர். சிரா நகரில் இருந்த முகலாயத் தோட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் போட்டது என்பார்கள். திப்பு, காபூல், பாரசீகம், துருக்கி, மொரீசியஸ் என்று பல நாடுகளிலிருந்து விதைகளும் செடிகளும் வரவழைத்தார். 1856இல் அது அரசுத் தாவரவியல் பூங்கா ஆயிற்று.

அந்தத் தோட்டத்தில் உழைத்தவர்கள் யார்? பெங்களூரின் தோட்டக்கலையில் பேர்பெற்ற திகளர் சமூகத்தினர் தமிழ் மூலம் கொண்டவர்கள். லால்பாக்கோடு அவர்களுக்குத் தலைமுறைத் தொடர்பு உண்டு. பெங்களூர்த் தர்மராயர் கோயில் கரகத் திருவிழா அவர்களுடையது. ஆண்டுதோறும் அந்தக் கரக ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போய்விட்டுத்தான் மேலே செல்கிறது. தோட்டத்தின் வரைபடம் பாரசீகத்திலிருந்து வந்தது. மண்வெட்டி பிடித்த கை நம்முடையது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784இல் கட்டிய தரியா தௌலத் பாக்கைப் பலர் பார்த்திருப்பீர்கள். தேக்கு மரத்தாலான கோடைக்கால மாளிகை, சுற்றிலும் தோட்டம், சுவரில் 1780இல் நடந்த பொள்ளிலூர்ப் போர் ஓவியம். தீவின் கிழக்கே உள்ள கும்பஸ், ஹைதருக்காகத் திப்பு எழுப்பிய சமாதி. 1799இல் திப்புவும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். சமாதிக்குப் போகும் பாதையில் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள் நிற்கின்றன. முதல் முறை போனபோது எனக்கு அவை வெறும் மரங்கள். அவை என்ன சொல்கின்றன என்று இப்போதுதான் தெரிகிறது.

நம் மண்ணில் அதே எண்ணம்

நடுவில் நீர், சுற்றிலும் நடை, பார்த்தால் மனம் அடங்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. கோயில் தெப்பக்குளத்தின் நடுவே நீராழி மண்டபம் இருக்கிறது. இறைவனுக்குப் பூக் கொடுக்க நந்தவனம் இருக்கிறது. நாமக்கல் மலையடியில் கமலாலயக் குளக்கரையில் மாலையில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ‘ஹவுள்’ என்ற தொட்டியும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்ததே.

உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கும் இடத்தைப் படித்தால் வியப்பாக இருக்கும். மலையில் மழை பெய்கிறது, ஆறு பெருகி வருகிறது, வயல் விளைகிறது. நபிகள் பிறந்த பாலை நிலத்தைத் தமிழ்ப்புலவர் மருத நிலமாக்கிவிட்டார்! பாரசீகருக்குப் புனிதம் சுவருக்குள் ஓடும் வாய்க்கால். தமிழருக்கு நெல்வயலில் பாயும் ஆறு. தண்ணீர் இருக்கும் இடமே புண்ணியம் என்பதில் இருவரும் ஒன்று.

நாம் என்ன செய்யலாம்?

கார் நிறுத்த இடம் போதவில்லை என்பது உண்மை. இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்து தெருவில் நிறுத்துகிறவர்களின் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் நடுத்தோட்டம் ஏறக்குறைய 450 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை ஒரு நாள் பெய்தால் அங்கே மட்டும் விழுவது 22,500 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் கிட்டத்தட்ட இரண்டு லாரி. பேவர் பிளாக் பதித்தால் இதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகும். போன கோடையில் நம் போர் எத்தனை நாள் காற்றைக் கக்கியது, லாரிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது வரவு செலவுக் கணக்கில் எல்லாரும் பார்த்ததுதான்.

ஆகவே என் யோசனை இது. புல்லை எடுத்துவிடலாம், தோட்டத்தை எடுக்க வேண்டாம். நான்கு பாத்திகளையும் பாதையைவிட ஓரடி தாழ்த்தி, இரு பிளாக்குகளின் மொட்டைமாடி மழைநீரை அங்கே திருப்பிவிடலாம். பாத்திக்கு ஒன்றாக வேம்பு, நாவல், மகிழம், புங்கம் வைத்து, ஓரத்தில் மாதுளையும் எலுமிச்சையும் வைக்கலாம். இவை வேர் பிடித்துவிட்டால் அதிகத் தண்ணீர் கேட்காது. தொட்டியைச் சுத்தம் செய்து, ஒரு சிறிய பம்பு போட்டு, மாலை ஆறு முதல் ஏழு வரை ஓடவிடலாம். காருக்கு, சி பிளாக்கின் பின்புறச் சுவரோரம் பழைய கட்டடச் சாமான் கொட்டிக் கிடக்கும் இடத்தைக் காலி செய்தால் எட்டு வண்டிகள் நிற்கும். நானே டேப் வைத்து அளந்தேன். மீதி ஆறுக்கு வழி என்ன என்பதைப் பொதுக்குழுவில் உட்கார்ந்து பேசுவோம்.

மனுவிலிருந்து என் கையெழுத்தை விலக்கிக்கொள்வதாகச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு மாற்றுக் கருத்து உள்ளவர்கள் மாலை நடையின்போது என்னைப் பிடிக்கலாம். தொட்டியின் கைப்பிடிச் சுவரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

— பி பிளாக் குடியிருப்பாளர்